பெயரைப் படித்த பிறகு
வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஓவியப் போட்டி நடுவர்கள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதுகையில், "படைத்தவர் ஆணா பெண்ணா என்று தெரிந்த மாத்திரத்தில் நம் மதிப்பீடு சற்றே சாய்ந்துவிடுகிறது" என்று குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியை ஒட்டியும் மறுத்தும் ஏராளமான கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இந்த முறை அவற்றிலிருந்து எடுத்த கேள்விகளுக்கு மட்டுமே பதில் தருகிறேன்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக ஓவியக் கண்காட்சிகளுக்குத் தவறாமல் செல்பவன் நான். ஓவியத்தின் முன் நிற்கும்போது கோடும் வண்ணமும் ஒளியும்தான் என் கண்ணில் படுகின்றன. வரைந்தவர் ஆணா பெண்ணா என்று நான் யோசிப்பதே இல்லை. என்னைப் போன்றவர்களையும் பாரபட்சம் உள்ளவர்கள் பட்டியலில் சேர்ப்பது நியாயமா?

பதில்: உங்கள் நேர்மையில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. ஆனால், யோசித்துச் செய்கிற காரியமாக இருந்தால் யோசிக்காமல் இருப்பதே இதற்கு மருந்தாகிவிடும். இது யோசனை தொடங்கும் முன்பே, கண் பார்த்ததற்கும் வாய் சொல்வதற்கும் நடுவில், சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிறது. ஒரே ஓர் ஓவியத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 1801ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணின் உருவ ஓவியம் இருக்கிறது. வெள்ளை உடை அணிந்த அந்தப் பெண் சன்னலுக்கு முதுகைக் காட்டி, மடியில் வரைபலகையைச் சாய்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். வெளிச்சம் பின்னாலிருந்து வந்து அவளுடைய சுருள்முடியின் விளிம்பிலும் தோளிலும் படர்கிறது. முகமோ மெல்லிய நிழலில் இருக்கிறது. வரைந்துகொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தி நம்மைப் பார்க்கிறாள். பார்க்க வந்த நாமே அவளுக்கு வரைபொருள் ஆகிவிட்டோமோ என்று தோன்றும். சன்னல் கண்ணாடி ஒன்றில் விரிசல் விழுந்திருக்கிறது. அதன் வழியே தொலைவில் ஒரு கைப்பிடிச் சுவரருகே ஓர் ஆணும் பெண்ணும் நிற்பது தெரிகிறது. முகத்துக்கு எதிரே வெளிச்சம் இல்லாத இடத்தில் முகத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டுவது எத்தனை கடினம் என்பது வண்ணம் தொட்டவர்களுக்குத் தெரியும்.

1917இல் அருங்காட்சியகத்துக்கு வந்தபோது அது பிரெஞ்சு ஓவிய மேதை ழாக்-லூயி தாவீத் வரைந்ததாகவே கருதப்பட்டது; அவருடைய பெயரில் பல்லாண்டுகள் போற்றவும் பட்டது. 1951இல் சார்ல்ஸ் ஸ்டெர்லிங் என்ற கலை வரலாற்றாசிரியர், அந்த ஓவியம் 1801ஆம் ஆண்டுப் பாரிஸ் சலோன் கண்காட்சியில் இடம்பெற்றிருந்ததையும், அந்த ஆண்டு தாவீத் அங்கே எதையும் காட்சிக்கு வைக்கவில்லை என்பதையும் கண்டறிந்து, இது கான்ஸ்தான்ஸ் ஷார்பான்தியே என்ற பெண் வரைந்ததாக இருக்கலாம் என்று எழுதினார். இதுவரை எல்லாம் முறையான ஆராய்ச்சிதான், பாராட்டத் தக்கதும்கூட. ஆனால் அதே கட்டுரையில் அவர் இன்னொன்றும் சொன்னார். இந்த ஓவியத்தின் கவித்துவம் ஓவியக் கலைக்குரியது அல்ல, இலக்கியத்துக்குரியது; கவர்ச்சிகள் வெளிப்படையாகத் தெரிகின்றன, பலவீனங்கள் சாமர்த்தியமாக மறைக்கப்பட்டுள்ளன; இவையெல்லாம் சேர்ந்து பெண் மனத்தைக் காட்டிக்கொடுக்கின்றன என்பது அவர் சொன்னதன் சாரம். 1990களில் வேறொரு ஆய்வாளர், வரைந்தவர் மரி-தெனீஸ் வில்லேர் என்ற இன்னொரு பெண் என்று காட்டினார். அருங்காட்சியகம் இன்று அந்தப் பெயரைத்தான் குறிப்பிடுகிறது.

அந்தத் துணியில் ஒரு தூரிகைத் தடம்கூட மாறவில்லை. தாவீதின் பெயர் இருந்தவரை மேதையின் எளிமையாகத் தெரிந்தது, பெயர் போனதும் சாமர்த்தியமாக மறைத்த பலவீனமாகத் தெரிந்தது. ஸ்டெர்லிங் மேலோட்டமாகப் பார்க்கிறவர் அல்லர். யாரும் கவனிக்காத சான்றைக் கவனித்து உண்மையை வெளிக்கொண்டு வந்தவரே அவர்தான். அவ்வளவு கூரிய கண்ணுக்கே இது நேர்ந்தது என்பதால்தான் இந்த உதாரணத்தைத் தேர்ந்தேன்.

இதைப் படித்த பிறகு என் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினேன். ஒரு குழுக் கண்காட்சியில் மிக நெருக்கமான கோடுகளால் ஆன சிறிய மை ஓவியங்களை இருவர் வைத்திருந்தார்கள். ஒருவர் ஆண், மற்றவர் பெண். இருவருடைய வேலையும் ஏறத்தாழ ஒரே தன்மையது. ஆணின் ஓவியத்தைப் பற்றி "அசாத்தியமான கட்டுப்பாடு" என்று எழுதியிருந்தேன். பெண்ணுடையதைப் பற்றி "அசாத்தியமான பொறுமை" என்று எழுதியிருந்தேன். இரண்டும் பாராட்டுத்தானே என்று தோன்றும். கட்டுப்பாடு என்பது அறிவு தெரிந்து செய்கிற தேர்வு. பொறுமை என்பது பிறவிக் குணம். ஒருவர் கலைஞராகிவிட்டார், மற்றவர் நல்ல பெண்ணாகிவிட்டார். எழுதும்போது எனக்கு எந்தத் தீய எண்ணமும் இருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் அநீதி செய்தேன் என்பதை உணரவே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

கேள்வி: பெண் வரைந்ததையும் ஆண் வரைந்ததையும் பார்த்தவுடனே சொல்லிவிடலாம் என்கிறார் என் நண்பர். உண்மையா?

பதில்: இல்லை. ஏல விலைகளை ஆராய்ந்த ஒரு குழு (அதைப் பற்றி அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன்) இதையும் சோதித்துப் பார்த்தது. பெயரில்லாத ஓவியங்களைக் காட்டி, வரைந்தவர் ஆணா பெண்ணா என்று கேட்டபோது, பதில்கள் காசு சுண்டிப் போட்டால் வருகிற அளவுக்கே சரியாக இருந்தன.

எழுத்துலகிலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயரில் அமெரிக்க அறிவியல் புனைகதைகள் வெளிவந்துகொண்டிருந்த காலத்தில், அவர் பெண்ணாக இருக்கலாம் என்று ஒரு வதந்தி உலவியது. 1975இல் ராபர்ட் சில்வர்பெர்க் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர், அந்த எழுத்தில் மறுக்க முடியாத ஓர் ஆண் தன்மை இருக்கிறது என்று சொல்லி அந்த வதந்தியைத் தள்ளிவிட்டார். ஈராண்டுக்குள் உண்மை தெரிந்தது: அவர் ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண். உங்கள் நண்பர் நியாயமாக ஒரு எதிர் உதாரணம் காட்டலாம். ஜார்ஜ் எலியட் என்ற ஆண் பெயரில் முதல் புனைவுகள் வந்தபோது, எழுதியவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1858இலேயே கடிதம் எழுதினார், அவர் ஊகம் சரியாகவும் இருந்தது. ஆனால் ஒருவர் சரியாக ஊகித்ததை நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். தவறாக ஊகித்தவர்கள் பெரும்பாலும் அதை எழுதி வைப்பதில்லை.

கேள்வி: சந்தை பொய் சொல்லாது என்பார்கள். பெண்களின் ஓவியங்கள் குறைந்த விலைக்குப் போகின்றன என்றால், அவற்றின் தரம் குறைவு என்றுதானே பொருள்? மாபெரும் ஓவியர்கள் என்று நாம் படிக்கிற பெயர்களில் பெண்கள் இல்லாததும் அதைத்தானே காட்டுகிறது?

பதில்: கேள்வி கடுமையானதுதான், ஆனால் மறைத்துக் கேட்காமல் நேராகக் கேட்டதற்கு நன்றி. இரண்டு பகுதிகளையும் தனித்தனியே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் விலை. நிதித்துறை ஆய்வாளர்கள் நால்வர், 1970 முதல் 2016 வரை 49 நாடுகளில் நடந்த 19 லட்சம் ஏல விற்பனைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். பெண்களின் ஓவியங்கள் சராசரியாக 42 விழுக்காடு குறைவான விலைக்குப் போயிருந்தன. இது தரத்தால் வந்ததா, பெயரால் வந்ததா என்பதை ஏலக் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள். எனவே கணினி உருவாக்கிய ஓவியங்களை எடுத்து, அவற்றோடு ஆண் பெயரையோ பெண் பெயரையோ குருட்டாம்போக்கில் ஒட்டி, பார்ப்பவர்களிடம் மதிப்பெண் கேட்டார்கள். வசதி படைத்தவர்களும் கலைக்கூடங்களுக்கு அடிக்கடி செல்பவர்களுமாக இருந்தவர்கள், அதாவது ஏலத்தில் கை தூக்கக்கூடியவர்கள், பெண் பெயர் ஒட்டிய படத்துக்குக் குறைவாக மதிப்பிட்டார்கள். வரைந்தது எந்திரம். அங்கே ஆண் தரமும் இல்லை, பெண் தரமும் இல்லை. ஒட்டிய பெயர் மட்டுமே இருந்தது. பெண்களுக்குச் சம உரிமை கூடுதலாக உள்ள நாடுகளில் அந்த விலை இடைவெளி குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு கண்டது. தூரிகையின் தரம் அந்தந்த நாட்டுச் சமூக நிலைக்குத் தக்கபடி ஏறி இறங்காது.

அடுத்து, மாபெரும் பெயர்கள். இதே கேள்வியை 1971இல் லிண்டா நாக்லின் என்ற கலை வரலாற்றாசிரியர் தன் கட்டுரைக்குத் தலைப்பாகவே வைத்தார். மறைந்து கிடக்கும் பெண் மேதைகளைத் தேடிப் பட்டியல் போடுவதற்கு முன்பு, மேதை உருவாவதற்கு என்னென்ன தேவைப்பட்டது என்று கேளுங்கள் என்றார் அவர். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் விவாதங்களில் இதைத்தான் எல்லோரும் வேகமாகத் தாண்டிச் செல்கிறார்கள்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஓவியங்களுக்குப் படிநிலை வகுத்திருந்தார்கள். புராணமும் வரலாறும் பேசுகிற பெரிய ஓவியங்கள் உச்சியில். அதற்குக் கீழே உருவப்படம், நிலக்காட்சி. அடித்தட்டில் பூவும் பழமும். உச்சிப்படியில் ஏற வேண்டுமானால் மனித உடலைத் தசை தசையாக வரையத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு உடையற்ற மாதிரியை வைத்து வரையும் வகுப்பில் ஆண்டுக்கணக்கில் உட்கார வேண்டும். அந்த வகுப்பின் கதவு பெண்களுக்குச் சாத்தப்பட்டிருந்தது.

லண்டனின் ராயல் அகாதெமி என்ற கலைக் கழகம் 1768இல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகளில் ஜோஹன் சோஃபனி என்ற ஓவியர், உறுப்பினர்கள் எல்லோரும் மாதிரி வகுப்பில் கூடியிருப்பதைப் போல ஒரு பெரிய ஓவியம் வரைந்தார். ஆண்கள் அறை முழுக்க நின்றும் அமர்ந்தும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். காஃப்மனும் மோசரும் எங்கே என்று தேடினால், சுவரில் மாட்டிய இரண்டு உருவப்படங்களாக இருக்கிறார்கள். உடையற்ற ஆண் மாதிரி இருக்கும் அறையில் அவர்களை உயிரோடு காட்ட முடியாது. நிறுவியவர்களே தங்கள் நிறுவனத்தின் ஓவியத்தில் சுவர்ப்படமாகிவிட்டார்கள். அவர்களுக்குப் பிறகு அடுத்த பெண் முழு உறுப்பினராகத் தேர்வானது 1936இல், லாரா நைட். நடுவில் ஓடியவை 168 ஆண்டுகள். அந்த அகாதெமியின் பள்ளியில் பெண் மாணவிகள் மாதிரியை வைத்து வரைய அனுமதி கிடைத்தது 1893இல்; அதுவும் ஓரளவு துணி போர்த்திய மாதிரி.

ஆகவே பெண்கள் பூக்களை வரைந்தார்கள். பிறகு, பூக்களை வரைவது சிறிய கலை என்று சொல்லப்பட்டது. பிறகு, பெண்கள் சிறிய கலையைத்தான் செய்கிறார்கள் என்று சொல்லப்பட்டது. ஒரு வாசலை அடைத்துவிட்டு, அந்த வாசல் வழியே யாரும் வரவில்லையே என்று கேட்பது எப்படி நியாயமாகும்? டச்சு ஓவியர் ரேச்சல் ரூய்ஷின் பூ ஓவியம் ஒன்றை நிதானமாகப் பாருங்கள். உடற்கூறும் தாவரவியலும் அறிந்த பேராசிரியரின் மகள் அவர். இதழின் ஓரம் சுருங்கத் தொடங்கும் கணத்தையும், காம்பில் ஊரும் பூச்சியையும் அவர் ஓர் ஆராய்ச்சியாளரின் கண்ணோடு வரைந்தார். வாழ்ந்த காலத்தில் அரசவை ஓவியராகவும் பெரும் புகழோடும் இருந்தார். பிற்காலத்தின் படிநிலைதான் அவரைச் சிறியவராக்கியது.

துணியில் ஊசியால் செய்தால் கைவினை, அதே வடிவத்தைத் தூரிகையால் செய்தால் கலை என்று பிரிப்பதும் இந்த வழக்கின் தொடர்ச்சிதான். ஊசி யார் கையில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நடுவர் குழுவில் பெண்கள் இருந்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில்: பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் அதனால் மட்டும் தீராது. 1968இல் பிலிப் கோல்ட்பர்க் என்ற உளவியலாளர், கல்லூரி மாணவிகளிடம் ஒரே கட்டுரையைச் சிலருக்கு ஆண் பெயரிலும் சிலருக்குப் பெண் பெயரிலும் கொடுத்துப் பார்த்தார். ஆண் பெயர் இருந்தபோது கூடுதல் மதிப்புக் கிடைத்தது. மதிப்பிட்டவர்கள் அனைவரும் பெண்கள். பின்னாளில் இவ்வகைச் சோதனைகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தவர்கள், சராசரியாக வேறுபாடு மிகச் சிறியது என்றும், சூழலைப் பொறுத்து அது கூடிக் குறைகிறது என்றும் கண்டார்கள். எந்தச் சூழலில் கூடுகிறது என்பதுதான் என்னைக் கவர்ந்த கேள்வி.

அதற்கு 1971இல் வெளியான ஓர் ஆய்வில் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். கோல்ட்பர்க்கும் வேறு இருவரும் சேர்ந்து நடத்திய சோதனை அது. இந்த முறை கட்டுரைக்குப் பதிலாக ஓவியங்கள். மதிப்பிட்டவர்கள் இம்முறையும் மாணவிகளே. ஓர் ஓவியத்தைப் போட்டிக்கு வந்திருக்கும் ஓவியம் என்று சொல்லிக் காட்டியபோது, ஆண் பெயர் ஒட்டியதை உயர்வாக மதிப்பிட்டார்கள். அதே ஓவியத்தைப் பரிசு வென்ற ஓவியம் என்று சொல்லிக் காட்டியபோது, ஆண் பெண் வேறுபாடு காணாமல் போய்விட்டது.

இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். யாரோ ஒருவர் ஏற்கெனவே "இது நல்லது" என்று முத்திரை குத்திவிட்டால், பெண்ணையும் ஆணையும் சமமாகப் பாராட்ட நமக்குத் தயக்கம் இல்லை. முத்திரை இல்லாத இடத்தில், நாமாகவே ஒரு முடிவுக்கு வர வேண்டிய இடத்தில்தான் தராசு சாய்கிறது. ஐயத்தின் பலனை ஆணுக்குக் கொடுத்துவிடுகிறோம். பெண்ணிடம் சான்று கேட்கிறோம். "நான் எத்தனையோ பெண் ஓவியர்களைக் கொண்டாடுகிறேனே" என்று ஒருவர் சொல்லும்போது அது உண்மையாகவே இருக்கும். அவர் கொண்டாடுகிறவர்கள் பரிசு பெற்றவர்கள். பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முதல் ஓவியத்தின் முன் அவர் எத்தனை நொடி நின்றார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கலைஞரின் வாழ்க்கை அந்த முதல் சில ஆண்டுகளில்தான் துளிர்க்கவோ கருகவோ செய்கிறது.

கேள்வி: படைத்தவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு படைப்பைப் பார்ப்பது தவறா?

பதில்: தவறில்லை. ஆனால் யாருடைய வாழ்க்கையை முதலில் சொல்கிறோம், யாருடையதைக் கடைசியில் சொல்கிறோம் என்று கவனியுங்கள். இத்தாலியப் பெண் ஓவியர் ஆர்டெமீசியா ஜென்டிலெஸ்கி பற்றிப் பேச்செடுத்தால், அவருக்கு இழைக்கப்பட்ட வன்புணர்வு குறித்து 1612இல் நடந்த வழக்கில்தான் பெரும்பாலானவர்கள் தொடங்குகிறார்கள். விவிலியக் கதையில் வரும் யூதித் என்ற பெண், ஹோலோஃபெர்னஸ் என்ற எதிரிப் படைத்தலைவனின் தலையை அறுப்பதாக அவர் வரைந்த காட்சி ஒரு பெண்ணின் பழிவாங்கலாகவே படிக்கப்படுகிறது. அந்த ஓவியத்தில் இரண்டு பெண்களின் முன்கைகள் எப்படிப் பாரத்தைத் தாங்குகின்றன, உடலின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது, வெளிச்சம் எந்த மூலையிலிருந்து விழுகிறது என்பதெல்லாம் கூர்ந்து சிந்தித்து எடுத்த முடிவுகள். 1616இல் ஃபிளாரன்ஸின் ஓவிய அகாதெமி அவரை உறுப்பினராக ஏற்றது அந்தக் கைத்திறனுக்காக. இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோ 1606இல் ஒரு மனிதரைக் கொன்றவர்; ஆயினும் அவருடைய ஒளியையும் இருளையும் பேசிய பிறகுதான் கொலையைப் பேசுகிறோம். ஆர்டெமீசியாவுக்கும் அதே வரிசையைக் கேட்கிறேன்.

கேள்வி: இசைக்குழுத் தேர்வுகளில் திரைக்குப் பின்னால் வாசிக்கச் சொல்கிறார்களாமே, ஓவியத்திலும் பெயரை மறைத்துவிட்டால் என்ன?

பதில்: மறைக்க முடிகிற இடங்களில் எல்லாம் மறைக்க வேண்டும் என்பதே என் கருத்து. திரை என்ன செய்யும், எதைச் செய்யாது என்பதை ஒரே நிகழ்ச்சியில் காட்டலாம்.

1980இல் மியூனிக் பில்ஹார்மோனிக் இசைக்குழு டிராம்போன் என்ற பெரிய ஊதுகருவியை வாசிப்பவரைத் தேர்ந்தெடுத்தது. விண்ணப்பித்த ஏபி கோனன்ட்டுக்கு வந்த அழைப்புக் கடிதம் அவரை ஆண் என்று நினைத்து "திரு." போட்டு எழுதப்பட்டிருந்தது. தேர்வு திரைக்குப் பின்னால் நடந்தது. 33 பேர் வாசித்தார்கள். அவருடைய வாசிப்பைக் கேட்டதும் குழுவினர் முடிவுக்கு வந்துவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வெளிவந்தபோது திகைத்துப் போனார்கள். அவருக்கு வேலை கிடைத்தது. திரை தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் நாள்தோறும் ஒத்திகையில் திரை கிடையாது. சிறிது காலத்தில் அவரை இரண்டாம் இடத்துக்கு இறக்கினார்கள். தலைமை டிராம்போனுக்கு ஆண்தான் வேண்டும் என்று இசை இயக்குநர் சொன்னதாகப் பின்னர் பதிவானது. தன் மூச்சின் வலிமையை நிரூபிக்க அவர் மருத்துவமனையில் சோதனை செய்துகொண்டார். பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் போராடித்தான் இடத்தையும் ஊதியத்தையும் திரும்பப் பெற்றார். வாசித்த காற்று ஒன்றே, கேட்ட காதுகளும் ஒன்றே.

அமெரிக்காவின் ஐந்து முன்னணி இசைக்குழுக்களில் 1970இல் பெண்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 1997இல் 25 விழுக்காடு. இந்த மாற்றத்தில் திரைக்குக் கணிசமான பங்கு உண்டு என்று கிளாடியா கோல்டின், சிசிலியா ரௌஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2000இல் எழுதினார்கள். அந்த ஆய்வின் தரவுகள் சிறியவை, அவற்றைக் கொண்டு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்று பின்னர் சிலர் மறுத்ததையும் உங்களுக்குச் சொல்வது என் கடமை. எண்ணிக்கை உயர்ந்ததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். தேர்வறைக்கு வர விடாத இடத்தில் திரை இருந்தும் பயனில்லை: வியன்னா பில்ஹார்மோனிக் முதல் பெண் உறுப்பினரை ஏற்றுக்கொண்டதே 1997இல்தான்.

ஓவியத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. பெயர் பெற்ற ஓவியரின் கை, பெயரை மறைத்தாலும் தெரிந்துவிடும். ஆனால் மாணவர் போட்டி, கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, முதல் கண்காட்சி போன்றவற்றில் யார் கையும் யாருக்கும் தெரியாது. முன்பு சொன்ன முத்திரை இல்லாத இடங்கள் இவைதான். இங்கே பெயரை மறைக்காமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கேள்வி: இப்போதெல்லாம் பெண் என்பதற்காகவே பாராட்டுகிறார்கள். இதுவும் பாரபட்சம்தானே?

பதில்: ஆம். படைப்பைப் பார்க்காமல் பாராட்டுவதும் பார்க்காமல் ஒதுக்குவதும் ஒரே வேரிலிருந்து வருபவை. ஆனால் இரண்டின் எடையும் ஒன்றல்ல. பல நூற்றாண்டுகள் கதவைச் சாத்தி வைத்ததையும், சில ஆண்டுகள் கொஞ்சம் மிகையாகக் கைதட்டியதையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. மேலும், பாராட்டு என்ற பெயரில் பழைய பார்வையே திரும்பி வருவதும் உண்டு. அமெரிக்கப் பெண் ஓவியர் லீ கிராஸ்னர் 1930களில் ஹான்ஸ் ஹாஃப்மனிடம் ஓவியம் பயின்றபோது, அவருடைய ஒரு படைப்பைப் பார்த்த ஆசிரியர், "ஒரு பெண் செய்தது என்றே தெரியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது" என்றாராம். கிராஸ்னர் அதைக் கடைசி வரை மறக்கவில்லை.

கேள்வி: நான் ஓவியக் கல்லூரி இறுதியாண்டு மாணவி. என் ஓவியங்கள் அளவில் பெரியவை, கரியும் தாரும் கலந்து செய்பவை. ஆனாலும் பார்க்கிறவர்கள் "மென்மையான கை" என்கிறார்கள். முதலெழுத்துகளை மட்டும் போட்டுக் கையெழுத்திடு, யாருக்கும் தெரியாது என்கிறார் என் ஆசிரியர். அப்படிச் செய்யட்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தோடு வந்த ஒளிப்படங்களைப் பார்த்தேன். தாரை அவ்வளவு தடிப்பாக இழுத்துவிட்டு, அது இறுகும் முன் கரியால் கீறியிருக்கிறீர்கள். அந்தக் கீறலின் ஓரங்கள் உடைந்து நிற்கின்றன. அதில் மென்மையை நான் தேடியும் காணவில்லை. பார்த்தவர்கள் படத்தைச் சொல்லவில்லை, அதன் அருகே நின்றிருந்த உங்களைச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் ஆசிரியர் சொல்வது பழைய வழி, பலன் தந்த வழியும்கூட. 1860இல் லாரா ஹெர்ஃபோர்ட் என்ற பெண், ராயல் அகாதெமிப் பள்ளிக்குத் தன் வரைபடத்தை "எல். ஹெர்ஃபோர்ட்" என்று மட்டும் கையொப்பமிட்டு அனுப்பினார். ஆண் என்று நினைத்து இடம் கொடுத்தார்கள். பிறகு அவரைத் தடுக்க விதி எதுவும் இல்லை என்று தெரிந்தது. அந்தப் பள்ளிக்குள் பெண்கள் நுழைந்தது அப்படித்தான். எனவே முதலெழுத்து போடுவதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பெயர் பார்க்கிற போட்டிக்கு அனுப்பும்போது தயங்காமல் செய்யுங்கள்.

ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். யூடித் லெய்ஸ்டர் என்ற டச்சுப் பெண் ஓவியர் 1633இல் ஹார்லெம் நகர ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானவர், தன் காலத்தில் பெயர் பெற்றவர். 1660இல் அவர் இறந்த பிறகு அவருடைய ஓவியங்கள் ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற புகழ்பெற்ற ஆண் ஓவியரின் பெயரிலும் பிறர் பெயரிலும் கைமாறின. ஹால்ஸ் வரைந்தது என்று விற்ற ஓர் ஓவியத்தைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கு எழுந்தது. அதில் லெய்ஸ்டரின் முதலெழுத்துகளான ஜே, எல் என்பவற்றோடு பின்னிய ஒரு சிறு நட்சத்திரம் இருந்தது. லெய்ஸ்டர் என்றால் வழிகாட்டும் விண்மீன் என்று பொருள். 1893இல் ஓர் ஆய்வாளர் அந்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அவருடைய ஓவியங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வேறொருவர் பெயரில் கிடந்தவை அவருக்குத் திரும்பின.

ஆகவே முன்பக்கத்தில் முதலெழுத்து போதும். அதை உங்களுடையதென்று அடையாளம் தெரிகிற வடிவில் போடுங்கள். பின்பக்கத்தில், அழியாத மையில், முழுப் பெயரையும் ஆண்டையும் பயன்படுத்திய பொருள்களையும் எழுதி, எழுதியதை ஒளிப்படம் எடுத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை யாராவது "மென்மையான கை" என்றால், எந்த இடத்தைச் சொல்கிறீர்கள் என்று பணிவாகக் கேட்டு, படத்தின் அருகே அழைத்துச் சென்று, அவர் விரலை வைத்துக் காட்டும் வரை அங்கேயே நில்லுங்கள்.